அம்மா அறுத்த மீன்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

மலர்க் குழுவினர் வந்து "நீயும் ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, வழக்கம்போல 'நட்பு' என்றோ 'நாளைய பாரதம்' என்றோ நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு போன வருட மலரைப் புரட்டிப் பார்த்தேன். நட்பைப் பற்றி மட்டும் ஐந்து கட்டுரைகள்! ஆறாவதாக ஒன்று எதற்கு? ஆகவே நான் ஒரு கட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். என் தங்கையின் கழுத்தில் எட்டு வருடம் இருந்த கட்டி. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். ஹாஸ்டலில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். "டச்சுக்காரன் கோட்டை இருக்குமே?" இருக்கிறது. 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இப்போது புதரும் முள்ளும்தான் மிச்சம். "பூநாரை வருமே?" வரும், தண்ணீர் நன்றாக இருந்தால். அங்கே மனிதர்களும் இருக்கிறோம் என்பது மூன்றாவது கேள்வியில்கூட வருவதில்லை! போகட்டும்.

அப்பாவுக்கு ஏரியில் 'பாடு' உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த இடத்தில், இந்த நாளில், இந்தக் குப்பத்துக்காரன்தான் வலை கட்டலாம் என்று பெரியவர்கள் காலம் காலமாக வைத்திருக்கும் முறை அது. நம் முறை வந்தால் போயே ஆகவேண்டும். விட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

2010 ஜனவரி 15. பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை, அதோடு சூரிய கிரகணம். ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கமெல்லாம் சூரியன் வளையம் மாதிரி தெரிந்த அந்தக் கிரகணம்தான். எங்கள் பக்கம் முழு வளையம் இல்லை, ஆனாலும் நடுப்பகலில் வெயில் மங்கிப் போனதாம். எனக்கு அப்போது மூன்று வயது, எல்லாம் கேட்ட கதை. தங்கை அம்மாவின் வயிற்றில் இருந்தாள். முந்தின ராத்திரி வலையில் மடவை மீன் குவிந்துவிட்டது. பண்டிகை நாள், வியாபாரி வரவில்லை, ஐஸும் இல்லை. விட்டால் அத்தனையும் நாறிப் போகும். ஆயா (அப்பாவின் அம்மா) "புள்ளத்தாச்சி, வீட்டுக்குள்ள போய்ப் படு, கிரகணம் விடற வரைக்கும் எதையும் அறுக்காதே" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டது. அம்மா அருவாமணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தனை மீனையும் ஆய்ந்து, வயிற்றைக் கீறி உப்பு வைத்துக் கருவாட்டுக்குப் போட்டுவிட்டார். அந்தக் கருவாடு விற்ற காசில்தான் அந்த மாதம் வீடு நடந்தது என்று அப்பா சொல்வார். ஆனால் அந்தக் காசை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அறுத்ததை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் மூன்றாவது வாரத்தில் தங்கை பிறந்தாள். நல்ல குழந்தை, ஒரு குறையும் கிடையாது. ஆயா கை, கால், உதடு எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டதாம்.

கட்டி தெரிந்தது அவளுக்கு ஐந்து வயதாகும்போது, 2015-ல். சளி, காய்ச்சல் வந்தது. கூடவே கழுத்தின் நட்ட நடுவில், தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு மாதிரி ஒன்று எழும்பியது. தொட்டால் வலித்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது, கட்டி சின்னதானது, போகவில்லை. ஊரில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். மீன் முள் சிக்கியிருக்கிறது என்றார் ஒருவர். சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லி அவளுக்கு வாந்தியே வந்துவிட்டது. கண்டமாலை என்றார் இன்னொருவர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டதில் தோல் வெந்துபோனது. கடைசியில் ஆயா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: "அன்னிக்கு அவ மீன் கழுத்துல கத்தி வச்சா. இன்னிக்கு அது புள்ள கழுத்துல வந்து நிக்குது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கட்டிக்குக் காரணம் அம்மாதான். சண்டை வந்தால் அது வரும். விசேஷ வீட்டில் உறவுக்காரர்கள் தங்கையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பார்வை அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா பதில் பேசி நான் கேட்டதே இல்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் பொறுமை என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவே அதை நம்பிவிட்டார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த எட்டு வருடத்தில் ஒரு கிரகணத்துக்கும் அம்மா தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அடுத்த வருடமே மறுபடியும் காய்ச்சல். இந்த முறை கட்டி சிவந்து பழுத்துவிட்டது. பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் காட்டினோம். பார்த்த உடனே "சீழ்க்கட்டி, கீறிவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டு, கீறி, பிதுக்கி, பஞ்சு வைத்து அனுப்பினார்கள். ஐந்நூறு ரூபாய். நாக்கை நீட்டச் சொல்லவில்லை, ஸ்கேன் எழுதவில்லை. சரியாகத்தான் போனது, இருபது நாள். அப்புறம் கீறின இடத்தில் ஊசி முனை அளவு ஒரு துளை. அதிலிருந்து கோழை மாதிரி ஒரு சொட்டு. துடைத்தால் மறுநாள் இன்னொரு சொட்டு. வருடக்கணக்கில்!

நம் ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் மேலே வால்வு கசிந்து தரையெல்லாம் தண்ணீராக நின்றதே, அட்டெண்டர் அண்ணன் அரை நாள் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான். கசிகிற இடம் எங்கேயோ மேலே இருக்கிறது, நாங்கள் கீழே துடைத்துக்கொண்டிருந்தோம்.

தங்கை வளர்ந்தாள். வெயில் காலத்திலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. பள்ளிக்கூடத்தில் பையன்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். நன்றாகப் பாடுவாள், ஆண்டு விழாவில் பெயர் கொடுக்க மாட்டாள். பதிமூன்று வயதிலேயே ஆயா "இதோட எவன் கட்டுவான் இவள" என்று ஆரம்பித்துவிட்டது.

2023-ல், நான் இங்கே முதல் வருடம் சேர்ந்த சமயம், அவள் பள்ளிக்கூடத்துக்கு வேனில் மருத்துவக் குழு வந்தது. 2013-ல் மத்திய அரசு ஆரம்பித்த குழந்தைகள் நலத் திட்டத்தில் வருகிற குழு அது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். அவர்களிடம் பிறவிக் குறைகளின் பட்டியல் ஒன்று உண்டு: உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயக் கோளாறு, பிறவிக் கண்புரை என்று ஒன்பது. கழுத்துக்கட்டி அந்த ஒன்பதில் இல்லை. ஆனாலும் அந்த டாக்டரம்மா துப்பட்டாவை எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எச்சில் விழுங்கச் சொன்னார்கள். கட்டி மேலே ஏறி இறங்கியது. "இப்ப நாக்கை நல்லா வெளிய நீட்டும்மா" என்றார்கள். நாக்கை நீட்டியதும் கட்டி மேலே இழுத்துக்கொண்டது! இரண்டு நிமிட வேலை. ஒரு ரூபாய் செலவில்லை. எட்டு வருடமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றாத சோதனை.

கட்டிக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்? பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து சென்னை ஸ்டான்லிக்கு எழுதிக் கொடுத்து, நான் லீவு போட்டுக் கூடப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், நான் டிப்ளமா படிக்கிறேன் என்று தெரிந்ததும், ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கிவிட்டார். அவருக்கு அப்போது வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் கழுத்தின் அடியில் தைராய்டு சுரப்பி இருக்கிறதல்லவா, அது அங்கேயே பிறப்பதில்லை. கரு நாலாவது வாரத்தில் இருக்கும்போது நாக்கின் அடிவேரில்தான் அது முளைக்கிறது. அங்கிருந்து கழுத்தின் நடுக்கோட்டிலேயே கீழே இறங்கி, ஏழாவது வாரத்தில் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. இறங்கி வந்த வழி ஒரு மெல்லிய குழாய். வேலை முடிந்ததும், சுமார் பத்தாவது வாரத்துக்குள், அந்தக் குழாய் தானாக மறைந்துவிட வேண்டும். நாக்கின் பின்பக்கம் ஒரு சின்னக் குழி மட்டும் அடையாளமாக நம் எல்லோருக்கும் மிச்சம் இருக்கிறது. சிலருக்குக் குழாயில் ஒரு துண்டு மறையாமல் தங்கிவிடும். நூற்றுக்கு ஏழு பேருக்கு இப்படி ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாமலே போய்விடும். சிலருக்கு மட்டும் அந்தத் துண்டுக்குள் நீர் ஊறிக் கட்டியாகும். பெயர் தைரோகுளோசல் நீர்க்கட்டி. மேல் முனை நாக்கோடு தொடர்பில் இருப்பதால்தான் நாக்கை நீட்டினால் கட்டி மேலே போகிறது. சளி பிடிக்கும்போது வாயிலிருந்து கிருமி வந்து பழுப்பதற்கும் அந்த வழிதான் காரணம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "சார், கிரகணத்துக்கும் இதுக்கும்..." அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. "கிரகணம் எந்த மாசம்? பாப்பா பிறந்தது எந்த மாசம்? நீயே கணக்குப் போட்டுப் பாரேன்" என்றார்.

போட்டேன். ரயிலில் வரும்போது, காலண்டரை வைத்துக்கொண்டு. தங்கை நாள் முந்தாமல் பிந்தாமல் 2010 ஜூன் மூன்றாவது வாரத்தில் பிறந்தவள். கரு உண்டாகிப் பிறக்க 38 வாரம். பின்னோக்கி எண்ணினால் 2009 செப்டம்பர் கடைசி. நாலாவது வாரம் என்றால் அக்டோபர் மூன்றாவது வாரம். தைராய்டு இறங்கி முடிந்தது நவம்பர் நடுவில். குழாய் மறைந்திருக்க வேண்டியது டிசம்பர் முதல் வாரத்தில். கிரகணமோ ஜனவரி 15! அம்மா அருவாமணையில் உட்கார்ந்தபோது, அந்தத் துண்டு மறையாமல் தங்கி ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. வானத்தில் என்ன நடந்திருந்தாலும், அம்மா எந்த மீனை அறுத்திருந்தாலும் அறுக்காவிட்டாலும், அது அங்கேதான் இருந்திருக்கும்.

ஸ்டான்லியில் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் ரத்தத்தில் தைராய்டு அளவு, பிறகு கழுத்து ஸ்கேன், ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனை. ஸ்கேன் எதற்கு என்றால், சிலருக்கு தைராய்டு கீழே இறங்காமல் பாதி வழியிலேயே நின்றுவிடுமாம். அப்போது கட்டி என்று நாம் நினைப்பதே அவர்களுக்கு உள்ள ஒரே தைராய்டாக இருக்கலாம். தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுசு முழுக்க மாத்திரை. ஐந்நூறு ரூபாய்க்குக் கீறினார்களே, அப்போது இது எதுவும் பார்க்கப்படவில்லை என்று நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி டிசம்பர் முதல் வாரம். அந்த வாரம்தான் மிக்ஜாம் புயல் வந்து சென்னையே மிதந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வேறு கலந்தது. ரயில் இல்லை, மீன் இல்லை, காசு இல்லை. தேதி தள்ளிப்போனது. நல்லவேளை, ஸ்கேனில் தைராய்டு தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள். பார்த்தால் அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் பாடு! இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். முன்பும் இரண்டு தடவை ஆஸ்பத்திரித் தேதியை இந்தப் பாடு தின்றிருக்கிறது. அப்பா கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பங்காளி வீட்டுக்குப் போய், "இந்தத் தடவ நீ கட்டிக்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த ஆபரேஷனுக்கு ஒரு கதை இருக்கிறது, மெக்கானிக்கல்காரர்களுக்குப் பிடிக்கும். ஆதியில் டாக்டர்கள் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்ப வந்தது. 1893-ல் ஜெர்மனியில் ஷ்லாங்கே என்பவர் காரணத்தில் ஒரு பங்கைப் பிடித்தார். கழுத்தின் மேல்பகுதியில், குதிரை லாட வடிவத்தில் ஹையாய்டு என்று ஒரு எலும்பு இருக்கிறது. குழாய் அந்த எலும்பை ஒட்டியே, சில சமயம் ஊடுருவினாற்போலவும் போகிறது. ஆகவே கட்டியோடு எலும்பின் நடுத்துண்டையும் எடுத்தார். திரும்ப வருவது குறைந்தது, ஆனாலும் ஐந்தில் ஒருவருக்கு வந்தது. 1920-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் சிஸ்ட்ரங்க் மிச்சத்தையும் பிடித்தார். எலும்புக்கு மேலே நாக்கின் வேர் வரை குழாய் போகிறதே, அது கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிசு, கிளை கிளையாகவும் பிரியும். அதைத் தேடிக்கொண்டிருக்காதே, சுற்றியுள்ள தசையோடு சேர்த்து ஒரு உருளையாக மொத்தமாக எடுத்துவிடு என்றார். கட்டி, எலும்பின் நடுத்துண்டு, நாக்கு வேர் வரையிலான தசைத்தண்டு, மூன்றும் ஒரே துண்டாக. அப்படிச் செய்தால் நூற்றில் ஒரு சிலருக்குத்தான் திரும்ப வருகிறது. நூறு வருடம் தாண்டியும் இன்றுவரை அதே முறைதான், பெயரும் சிஸ்ட்ரங்க் ஆபரேஷன்தான். முன்பே கீறிப் புண்ணாகிப் போன கழுத்தில் இந்த வேலை இன்னும் கஷ்டம், திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல் என்று எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

"எலும்பை எடுத்தா எம் பொண்ணு எப்படி சார் பேசும், எப்படி முழுங்கும்?" என்று அம்மா கேட்டார். எட்டு வருடத்தில் அந்தக் கட்டியைப் பற்றி அம்மா வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஹையாய்டு வேறெந்த எலும்போடும் மூட்டு சேராமல் தசையிலேயே தொங்குகிற எலும்பு, நடுவில் கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். (பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், டூர் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஒருநாள் அங்கே போய், இந்த எலும்பைச் செதுக்கியிருக்கிறானா என்று தேடிப் பார்த்தேன். ஆசைதான்!)

ஆபரேஷன் அன்று பெண்கள் வார்டுக்குள் எங்களை விடவில்லை. அம்மா உள்ளே, நானும் அப்பாவும் வெளியே. அம்மா உணவகத்தில் இட்லி வாங்கிக் கொடுத்தேன், அப்பா பாதியில் வைத்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே கொண்டு வந்தபோது கழுத்தில் கட்டும், ஒரு சின்ன ரப்பர் குழாயும். முதல் நாள் விழுங்க வலி, கஞ்சிதான். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்தக் கட்டிகளில் நூற்றில் ஒன்றில் புற்று இருக்கலாம் என்பதால் அது கட்டாயம். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் இலவசம். எங்களுக்குச் செலவானது ரயில், ஆட்டோ, சாப்பாடு, அப்பாவின் ஒரு பாடு. இப்போது கழுத்து மடிப்பிலேயே ஒரு கோடு, கிட்டே வந்து பார்த்தால் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போடும் பழக்கம் மட்டும் அவளுக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்த இளம் டாக்டர் சீட்டில் இன்னொரு படமும் போட்டிருந்தார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கட்டி நடுவில் இல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில், தாடைக் கோணத்துக்குக் கீழே இருந்தால் அது வேறு வகையாம். கருவுக்கு நாலைந்து வாரத்தில் கழுத்துப் பக்கம் வளைவு வளைவாக மேடுகளும் பள்ளங்களும் இருக்கும். மீனுக்கு அந்த வளைவுகள்தான் செவுளாகின்றன. நமக்குச் செவுள் வருவதே இல்லை. அதே வளைவுகள் தாடையாக, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளாக, ஹையாய்டாக, குரல்வளைக் குருத்தெலும்பாக மாறிவிடுகின்றன. 1825-லேயே ராத்கே என்ற ஜெர்மன்காரர் பன்றிக் கருவில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நடுவிலுள்ள பள்ளம் ஒன்று மூடாமல் தங்கினால் பக்கவாட்டு நீர்க்கட்டி. பெரும்பாலும் நம் வயதில், இருபதை ஒட்டித்தான் தலைகாட்டும்.

நாங்கள் மீனைக் கையில் எடுத்தால் முதலில் தூக்கிப் பார்ப்பது செவுளைத்தான். சிவப்பாக இருந்தால் நல்ல மீன், வெளுத்திருந்தால் ஐஸ் மீன். ஆயா எண்பது வயதிலும் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. ஆகவே ஆயாவிடம்தான் போய்ச் சொன்னேன். காலண்டர் கணக்கையும் சொன்னேன், செவுள் கதையையும் சொன்னேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டது.

"அப்ப கெரகணத்துக்கு முன்னாடியே அது ஆயிப்போச்சுன்றியா?"

"ஆமா ஆயா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே."

"அப்ப அவ அறுத்ததுனால இல்ல."

"இல்ல."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இருந்தாலும் நான் சொல்லச் சொல்ல அவ அறுத்தா இல்ல?" என்றது. அடுப்படியில் இருந்த அம்மா சிரித்தேவிட்டார். அந்தப் பேச்சுக்கு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நண்பர்களே, கழுத்தில் வருகிற எல்லாமே இந்த வகை இல்லை. நம் நாட்டில் கழுத்துக்கட்டி என்றால் பெரும்பாலும் நெறிக்கட்டிதான், அதிலும் காசநோய் நெறிக்கட்டி ரொம்ப அதிகம். அதற்கு அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை இலவசம், ஆபரேஷன் தேவைப்படுவது அபூர்வம். நாற்பது தாண்டிய ஆளுக்குப் பக்கவாட்டில் புதிதாகக் கட்டி வந்தால், புகையிலை போடுகிறவராக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, புற்றுநோய் இல்லை என்று பார்த்தே ஆகவேண்டும். என் அப்பாவுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் போடத்தான் செய்கிறார். ஹாஸ்டலில் யாருக்காவது நடுக்கழுத்தில் உருண்டை இருந்தால் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். ரூம்மேட் சிரித்தால் சிரிக்கட்டும். மேலே போனாலும் போகாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள், கீறி மட்டும் விடாதீர்கள்.

தங்கைக்குச் சரியானது தெரிந்தபிறகு எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். போன மாதம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா ஆறு மாதக் குழந்தையோடு வந்தார். குழந்தையின் கழுத்துக்கு இடப்பக்கம் மெத்தென்று பை மாதிரி வீக்கம், அழுதால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. என் செல்போன் டார்ச்சை அதன்மேல் வைத்தால் உள்ளே விளக்கேற்றின மாதிரி சிவப்பாக ஒளிர்ந்தது. இது நிணநீர்க் குழாய்கள் கருவிலேயே சரியாக இணையாமல் நீர் தேங்கி வருவது. இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தினால் ஆபத்து. எல்லாக் குழந்தைக்கும் கத்தி வேண்டியதில்லை, உள்ளே மருந்தை ஊசியில் ஏற்றி அந்தப் பைகளைச் சுருங்க வைக்கவும் முடியும். ஜப்பானில் 1987-லேயே அப்படி ஒரு மருந்தால் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அந்த அக்காவோடு அவர் மாமியாரும் வந்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார்: "மாசமா இருக்கும்போதே இவ..."

அம்மா உள்ளேயிருந்து வந்து, "அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல கொழந்தைய எழும்பூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் வேணா கூட வரேன்" என்றார்.

போனார்கள். அம்மாவும் போனார். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், மூச்சுக்கு இப்போதைக்குத் தொந்தரவு இல்லையாம். முதல் ஊசிக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் அப்பாவுக்கு அன்றைக்குப் பாடாம். யாருக்காவது மாற்றி விட முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.